நானூற்று இருபத்திரண்டு மிதி

கடலூரில் என் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். பதினேழு கேள்விகள். பதினாலாவது கேள்வி, எந்தத் தேதிக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது. பதின்மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டு அங்கே நின்றுவிட்டேன். பயிற்சி கொடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், அத உட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே."

விட்டுவிட்டேன். ஆனால் அந்த வெற்றுக் கட்டம் இன்னும் உறுத்துகிறது. நம் வாத்தியார் செட்டில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்பது பேர். என்னையும் சேர்த்து நாலு பேருக்கு மூட்டு மாற்றியாயிற்று. நாம் நாலு பேரும் எதற்காகக் காலைத் தேற்றிக்கொள்கிறோம்? வாசல் வரை போய்ச் செய்தித்தாள் எடுக்கத்தானே. எனக்கு அது பத்தொன்பது எட்டு தூரம்.

அடுத்த கட்டிலில் பண்ருட்டி லாரி டிரைவர் ஒருவன். முப்பத்தைந்து வயது இருக்கும். இடது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். அவன் தன் பெயரை எழுதுவதற்கு முன்பே பதினாலாவது கட்டத்தைத் தேடிப் பிடித்துத் தேதியை எழுதினான். பெரிய பெரிய எழுத்தில். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு காலுக்கு ஒரு தேதி இருந்தது. அதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். எட்டுப் பேர்தானே.

எனக்கு அப்போது பத்து வயது. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டில் எங்கள் வாடகை வீடு. அப்பா ஒரு தனியார் பஸ் முதலாளியிடம் டிரைவர். கடலூர், சிதம்பரம் ரூட்டு. போக, வர, மறுபடி போக, வர என்று நாளுக்கு நாலு நடை. டிரைவர் சீட்டின் முதுகில் அவருடைய நீலக்கரைத் துண்டு போட்டிருக்கும். முதலாளியின் பஸ் ஷெட்டில் அதுதான் வழக்கம். யார் துண்டு கிடக்கிறதோ அவர் சீட்டு. வேறு டிரைவர் உட்கார மாட்டார்.

மாசி கடைசியில் சீசனின் முதல் பலாப்பழங்கள் பண்ருட்டியிலிருந்து வந்து இறங்கியிருந்தன. வியாபாரி ஒருவர் சிதம்பரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டுவது லோடுமேன் வேலை. அன்று அவன் வரவில்லை. வண்டி கிளம்ப நாலு நிமிடம் தாமதமாகிவிட்டது. அப்பாவுக்குத் தாமதம் ஆகாது. தானே ஏணியில் ஏறிக் கயிறு கட்டினார். இறங்கும்போது ஒரு பழம் உருண்டு வந்து தோளில் இடித்தது. ஏணிக்குப் பதினோரு படி. ஒன்பதாவது படியிலிருந்து விழுந்தார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு.

பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அந்த வியாபாரி அதையே கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, கண் கலங்க நின்றுவிட்டுப் போனார். யாரும் அதைத் தொடவில்லை. நாலாவது நாள் வீடு முழுக்க அதன் வாசனை. அதற்குள் அப்பாவும் மாவுக்கட்டோடு வந்து படுத்துவிட்டார். இன்றும் பலாப்பழ வாசனை வந்தால் எனக்கு ஈரச் சுண்ணாம்பு வாசனையும் கூடவே வருகிறது.

கட்டு பத்து வாரம் இருந்தது. அந்தப் பத்து வாரத்தில்தான் அம்மா முந்திரிக் கொட்டை உடைக்க ஆரம்பித்தாள். பண்ருட்டியிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூட்டை வறுத்த கொட்டை வரும். ஒரு கொட்டையை விரலால் கல்லின் மேல் அமுக்கிப் பிடித்து, கட்டையால் ஒரு தட்டு. ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலை அரிக்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவாள். ஆனாலும் மூன்றாம் வாரத்துக்குள் இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, பிறகு தோல் உரிந்தன. சோறு பிசையும்போது முகத்தைச் சுளிப்பாள். அதை நான் பார்த்தேன். ஆனால் எண்ணவில்லை.

கட்டைப் பிரித்தபோது உள்ளிருந்து வந்தது அப்பாவின் கால் மாதிரியே இல்லை. வெளுத்து, மெலிந்து, செதில் செதிலாகத் தோல் உரிந்து கிடந்தது. டாக்டர் தட்டிப் பார்த்தார். "எலும்பு சேந்துடுச்சி. இனிமே நடந்து பழகுங்க" என்றார். அவ்வளவுதான். எலும்பு சேர்ந்தால் ஆள் சேர்ந்தான் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. நான் வீட்டுக்கு வந்ததும் பூத் தொடுக்கும் நாரால் இரண்டு தொடையையும் அளந்தேன். இடது தொடையின் நார் நாலு விரல் குட்டை. அப்பா அந்த இரண்டு நாரையும் வாங்கிச் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே ஷெட் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த மோரை மூன்று மடக்கில் குடித்தார்.

"மொதலாளி ஒங்க மேல ரொம்ப மரியாத வெச்சிருக்காரு. அவசரமே இல்லன்னாரு. ஷெட்டு கேட்டுல வாட்ச்மேன் வேல ஒண்ணு காலியா இருக்கு. உக்காந்த வேல."

"நான் டிரைவர் சார்" என்றார் அப்பா.

"தெரியுது. அதான் சொல்றேன். ஆனித் திருமஞ்சனத்துக்கு ஸ்பெஷல் உடறோம். அதுக்குள்ள வந்து ஒரு நட ஓட்டிக் காட்டுங்க. ஓட்டிட்டீங்கன்னா சீட்டு ஒங்களுது. இல்லன்னா இப்ப ஓட்டறானே அந்தப் பையன், அவனையே பர்மனென்ட் பண்ணிடச் சொல்லிட்டாரு."

அவர் போன பிறகு அம்மா, "உக்காந்த வேலைன்னா என்ன கொறச்சலு?" என்றாள்.

"கால் போனவனுக்குப் போடற ஸ்டூலு அது" என்றார் அப்பா.

"கால் போவலையே. இருக்குதே. இருக்கற கால வெச்சிக்கிட்டு உக்காருங்கன்றேன்."

"நீ கொட்டைய ஒட."

வாட்ச்மேன் என்றால் கடலூரில் குடும்பம் நடத்த முடியாது, என்னைக் குமராட்சிப் பக்கம் அம்மா பிறந்த ஊருக்கு அனுப்பிவிட வேண்டும், பள்ளிக்கூடம் அதோடு சரி என்று வீட்டில் பேச்சு இருந்தது. என் காதுபடத்தான் பேசினார்கள். ஆகவே அந்தக் கால் எனக்கும் வேண்டியிருந்தது.

மறுநாள் ஷெட்டில் வேலை பார்க்கும் மெக்கானிக் மாமா ஒரு சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். சொந்த மாமா இல்லை. அப்பாவை மச்சான் என்பார், அதனால் எனக்கு மாமா. சாக்கைப் பிரித்தால் ஒரு கிளட்ச் பெடல். பனம்பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, கீழே ஸ்பிரிங் வைத்திருந்தார்.

"டாக்டரு எலும்ப ஒட்டிட்டாரு மச்சான். மிச்சத்த நான் ஒட்டறேன். கண்டம் பண்ணி ஒதுக்கிப் போட்ட வண்டியோடது. ஸ்பிரிங்கு மட்டும் புதுசு."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இடது பாதத்தை வைத்து அமுக்கினார். கிறீச் என்று இறங்கியது. விட்டால் டக் என்று ஏறியது. அப்பா சிரித்தார். பத்து வாரத்தில் முதல் சிரிப்பு.

"ஒரு நடைக்கு எத்தன மிதி மச்சான் வரும்?" என்று மாமா கேட்டார்.

"எண்ணிக்கிட்டா மிதிக்கறேன்? பதினாலு வருசமா ஓட்டறேன், ஒரு நாளும் எண்ணல."

"அது தெரிஞ்சாத்தான அதுவரைக்கும் பழக முடியும். பையன் லீவுல சும்மாதான திரியறான். அனுப்பு, எண்ணிட்டு வரட்டும்."

இப்படித்தான் என் வாழ்க்கையின் முதல் கணக்கு எனக்கு வந்தது. மே மாதம், காலை முதல் வண்டி. டிரைவருக்குப் பின்னால் இடது பக்கம் உட்கார்ந்தேன். அங்கிருந்து கால் தெரியாது, கியர் போடும் கை தெரியும். ஒவ்வொரு கியருக்கும் ஒரு புளியங்கொட்டையை இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர். அப்போதெல்லாம் புவனகிரி சுற்றித்தான் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது வலது பையில் இருநூற்றுப் பதினொன்று.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா கேட்டார், "கியர எண்ணினியா, மிதிய எண்ணினியா?"

"கியர."

"அப்ப ரெட்டிப்பா போட்டுக்க. ஒரு கியருக்கு ரெண்டு மிதி. எடுக்க ஒண்ணு, போட ஒண்ணு. இல்லன்னா கியரு பல்லு கடிக்கும்."

நானூற்று இருபத்திரண்டு. கரியால் சுவரில் எழுதினேன். மாமா என் முதுகில் தட்டினார். ஒரு ஷெட் முழுக்கத் தெரியாத எண்ணை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு ரோடு காலியாக இருந்தது, ரயில்வே கேட் திறந்திருந்தது, புவனகிரிக் கடைத்தெருவில் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை என்பதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எண் கிடைத்த பிறகு மற்றதெல்லாம் எதற்கு?

தினம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பயிற்சி. முதல் நாள் ஐம்பது. பிறகு ஒவ்வொரு நாளும் பத்து கூட்டுவது என்று மாமா சொன்னார். முப்பத்தெட்டு நாளில் எண் வந்துவிடும், திருமஞ்சனத்துக்கும் அதற்கும் சரியாக இருக்கும். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சத்தமாக எண்ணுவேன். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். சாமி பெயர் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாளும் விடுமுறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாமாவும் வந்து உட்கார்ந்து, "இன்னும் பத்து, இன்னும் பத்து" என்பார். கால் வீங்கினால் நல்லெண்ணெய் தடவி, மறுநாள் பத்து கூட்டுவோம்.

பதினைந்தாம் நாள் என்று ஞாபகம். இருநூறு தொடுகிற நேரம். அம்மா மூலையில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"மிதிக்கறது சரிங்க. மிதிச்ச மாரியே இருக்க முடியுதா?"

"என்ன சொல்ற?" என்றார் அப்பா.

"எனக்குக் கொட்டைய தட்டறது வலிக்கல. அமுக்கிப் புடிச்சிக்கிட்டே இருக்கறன் பாருங்க, அதான் வலிக்குது. தட்டு ஆயிரம் தட்டலாம். புடிக்கத்தான் முடியல. அதனால கேட்டன்."

மாமா சிரித்துவிட்டார். "யக்கா, கொட்டையும் கிளட்சும் ஒண்ணா? அப்ப ஒரு பஸ்ஸ ஒன்கிட்ட குடுத்துடலாமா?"

அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்காமல் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள். மூன்று ஆண்கள் சிரித்தோம். இப்போது எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சில் சுடுகிறது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வேண்டும். இருநூற்றுக்கு மேல் போனபோது அப்பாவின் கழுத்து நரம்பு புடைக்க ஆரம்பித்தது. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டும். நாற்காலியின் கையைப் பிடித்திருக்கும் விரல்கள் வெள்ளையாகிவிடும். ஒரு நாள் நூற்று அறுபதுக்குப் பிறகு என் வாயில் நூற்று எழுபத்தொன்று வந்துவிட்டது. தெரியாமல் வந்ததா, தெரிந்தே சொன்னேனா? அறுபத்து மூன்று வருடமாக நானும் கேட்டுக்கொள்கிறேன். அப்பா திரும்பவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் இரண்டு இடத்தில் தாண்டினேன். அதற்கடுத்த வாரம் நாலு இடத்தில். தாண்டும்போதெல்லாம் குரலைக் கொஞ்சம் உயர்த்துவேன், சந்தேகம் வராமலிருக்க. பத்துப் பத்தாகத்தான் தாண்டினேன். அதில் ஒரு ஒழுங்கு இருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் நானூற்று இருபத்திரண்டு என்று கத்தினேன். மாமா எழுந்து நின்று கைதட்டினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினார். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். உண்மையில் அன்று நான் எட்டுப் பத்தைத் தாண்டியிருந்தேன். அந்தக் கால் மிதித்தது முந்நூற்று நாற்பத்திரண்டு. உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த எண் என்று நினைத்தேன்.

சிதம்பரத்தில் தேருக்கு முதல் நாள் சோதனை நடை. பயணிகளோடுதான். அதுதான் அந்த ஷெட்டின் முறை. ஆள் இல்லாத வண்டியை யாரும் ஓட்டிவிடலாம் என்பார்கள். மாமா முன் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மேனேஜர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். பதில் டிரைவர், இருபத்து நாலு வயதுப் பையன், தன் பச்சைத் துண்டைச் சீட்டிலிருந்து எடுத்து மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "ஏறுங்கண்ணே" என்றான். அப்பா நீலக்கரைத் துண்டை உதறிப் போட்டார். இந்த முறை கால் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

முதல் பாதி நன்றாகத்தான் போயிற்று. அப்பாவின் கை கியரில் படுவதே தெரியவில்லை. மேனேஜர்கூடத் திரும்பிப் பின்னாலிருந்தவரிடம், "ஆளு பழைய ஆளேதான்" என்றார். ஆனால் திருமஞ்சனத்துக்குப் போகும் கூட்டம் வழியெல்லாம் கை காட்டியது. நின்று நின்று போனோம். ஆலப்பாக்கத்திலேயே நூற்று நாற்பது ஆகிவிட்டது. புவனகிரிக் கடைத்தெருவில் முந்நூறு. பாலத்தில் ஏறும்போது முந்நூற்று இருபது. மற்றவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள். நான் அந்தப் பாதத்தைப் பார்த்தேன். முந்நூற்று நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

ஒன்றும் ஆகவில்லை. நாற்பத்து மூன்று மிதித்தார். நாற்பத்து நாலு. எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, காற்றில் முகத்தை வைத்துக்கொண்டேன். ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை. காது எண்ணியது.

சிதம்பரத்துக்குள் நுழைந்து வண்டிகேட் நிறுத்தத்தைத் தாண்டியதும் ரோடே தெரியவில்லை. வெறும் தலைகள். வண்டி நிற்கவும் முடியாது, போகவும் முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் பெடலைப் பாதி அமுக்கிப் பிடித்தபடியே அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். மிதி கூடவில்லை. முந்நூற்றுத் தொண்ணூற்றேழிலேயே நின்றது. நான் அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கால் அமுக்கியபடியே இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அப்போதுதான் முழங்கால் நடுங்குவதைப் பார்த்தேன். முதலில் மெதுவாக, பிறகு வேட்டி நுனி ஆடும் அளவுக்கு. அப்பா இடது கையால் தன் தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பாதம் பெடலிலிருந்து நழுவியது. பஸ் ஒரு எகிறு எகிறியது. பெண்கள் கத்தினார்கள். அப்பா பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்து, எஞ்சினை அணைத்தார். பம்பருக்கு முன்னால் ஒருவர் தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவர் முதுகுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண். அவருக்குத் தெரியவே இல்லை. குழந்தை மட்டும் திரும்பி பஸ்ஸைப் பார்த்துச் சிரித்தது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் மேனேஜர்.

அப்பா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி சொன்னார், "மிதிக்குது சார். நிக்க மாட்டேங்குது."

"கூட்டந்தான சார், யாருக்கும் வரும்" என்று பதில் டிரைவர் இழுத்தான். நல்ல பையன். "இன்னும் அரை பர்லாங்குதான். அண்ணன் மெல்ல வந்துடுவாரு சார்."

மேனேஜரும் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நினைத்திருந்தால் மறுபடி ஸ்டார்ட் பண்ணியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவர் எழுந்து, சீட்டின் முதுகிலிருந்து துண்டை எடுத்து, நாலாக மடித்து, தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"நீ எடுத்துட்டுப் போ தம்பி. என்னால முடியாது."

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் அவரும் நடந்தே போனோம். கூட்டத்துக்கு எதிராக. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஐநூறு எட்டு வரை எண்ணிவிட்டு, மேளச் சத்தம் கொஞ்சம் குறைந்த இடத்தில் சொன்னேன்.

"அப்பா, நான் நடுநடுவுல எண்ணாம உட்டுட்டேன்."

அவர் நிற்கவில்லை. "எவ்ளோ?"

"எம்பது."

நாலு எட்டு போன பிறகு சொன்னார், "நூறு இருக்கும்னு நெனச்சன்."

அந்த உதடு சாமி பெயர் சொல்லவில்லை. எண்ணியிருக்கிறது. ஒவ்வொரு நாளும், எனக்குப் பக்கத்திலேயே. சில இடத்தில் அவரும் எண்ணிக்கை பிசகியிருக்கிறார், இருபது அதிகமாக. "ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன். "வலிச்சுது" என்றார். "நீ தாண்டறப்போ நல்லா இருந்துச்சி." பிறகு தண்ணீர்ப் பந்தலில் எனக்கு நீர்மோர் வாங்கிக் கொடுத்தார். அதற்கு மேல் சாகும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஷெட் கேட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடம். வண்டி போகும் நேரம், வரும் நேரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். தாமதமானால் டிரைவரைக் கேள்வி கேட்பார், அதனால் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. நான் குமராட்சிக்குப் போகவில்லை. பள்ளிக்கூடமும் நிற்கவில்லை. அம்மா கொட்டை உடைப்பதை நிறுத்தாததுதான் காரணம். இன்னும் ஏழு வருடம் உடைத்தாள். கடைசியில் இடது கைக் கட்டைவிரல் மடங்கவே இல்லை. ஜாக்கெட் கொக்கி போட நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. வீட்டில் இரண்டு உடம்பு வேலையில் கெட்டது. ஒன்றுக்குத் தேதி வைத்தோம், பெடல் செய்தோம், சுவரில் எழுதினோம். இன்னொன்றை யாரும் அளக்கவில்லை, பூத் தொடுக்கும் நாரால்கூட. அந்தப் பெடல் பலகையைப் பிறகு கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். வீடு மாறும்போது எங்கேயோ தொலைந்துவிட்டது. மூன்று முறை வீடு மாறினோம். எந்த முறை என்று தெரியவில்லை.

நான் முப்பத்து நாலு வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன், உங்களுக்குத் தெரியும். வகுப்பில் ஒரு பையன் ஓர் எண்ணைத் தாண்டினால் எனக்கு வந்த கோபத்தைக் கேலி செய்வீர்கள். அதற்குக் காரணம் இதுதான். முந்நூற்று நாற்பத்திரண்டுக்கும் நானூற்று இருபத்திரண்டுக்கும் நடுவில், நான் எண்ணாமல் விட்ட எண்பதுக்குள், அந்தக் கால் நழுவியது. நழுவ விட்டது நான்தான் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

போன வாரம் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைக் கேட்டேன். அப்பா என்று சொல்லவில்லை, தெரிந்தவர் என்றேன்.

"வண்டி ஓட்டறவங்களுக்கு எத்தன தடவன்னு மட்டும் பாக்க மாட்டோம் அங்கிள். எவ்ளோ நேரம் புடிச்சிருக்காங்கன்னும் பாப்போம். அதுக்குத் தனியா பழக்கணும்."

அறுபத்து மூன்று வருடத்துக்கு முன் சாம்பல் கையோடு ஒருத்தி சொன்னதை, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண் சொல்கிறாள். அப்போது சிரித்தேன், இப்போது தலையாட்டுகிறேன்.

"நடுவுல எண்பது விட்டுட்டாங்க. அதனால கெட்டிருக்குமா?"

அவள் யோசித்தாள். "வீங்கின கால்ல தெனமும் பத்து பத்தா ஏத்துனதே தப்பு. விட்டதுல கொஞ்சம் ரெஸ்ட்டு கெடச்சிருக்கும். பழக்கமும் கொஞ்சம் கொறஞ்சிருக்கும். ரெண்டும் இருக்கும் அங்கிள்."

ரெண்டும் இருக்கும் என்பது ஒரு விடையா? ஒரு கணக்கு வாத்தியாரிடம் சொல்கிற விடையா? வீட்டுக்கு வந்து இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்தேன். நாலு தாள். கூட்டினாலும் கழித்தாலும் வரவில்லை. அவருக்கு உண்மை எண் தெரிந்தே ஏன் அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார் என்பது எந்தத் தாளிலும் அடங்கவில்லை.

இன்று காலை பண்ருட்டிக்காரனுக்குப் பிடிக்கும் பயிற்சி. பாதத்தில் ரப்பர் பட்டையை மாட்டி, காலை நீட்டி முப்பது நொடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். முப்பது பிடித்தால்தான் கிளட்சை மிதிக்கவே விடுவார்களாம். அவன் எழுதிய தேதிக்கு இன்னும் பதினொரு நாள். அந்தப் பெண்ணுக்கு உள்ளேயிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது.

"அங்கிள், நீங்கதான் நல்லா எண்ணுவீங்களே. அண்ணனுக்கு முப்பது எண்ணுங்க, வந்துடறேன்."

"எண்ணுங்க பெரியவரே" என்றான் அவன். "கொஞ்சம் வெரசா எண்ணுங்க. லோடு காத்துக்கிட்டு கெடக்குது."

சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து ஆரம்பித்தேன். பத்து வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தான். பதினைந்தில் கட்டிலின் விளிம்பைப் பிடித்தான். பதினேழில் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. எனக்குப் பழக்கமான நடுக்கம். பதினெட்டில் என்னைப் பார்த்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

பத்தொன்பது என்றேன். முள் நகரும்வரை பொறுத்திருந்து, இருபது என்றேன்.